காலை உணவுக்கு முன்

ஜொகூர் பாரு
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேவானந்தன் எழுதுவது. கடைசியாக உங்களுக்குக் கடிதம் எழுதியபோது பாலோ ரயில் நிலையத்தில் வேலையில் இருந்தேன். அப்போது கையில் போன் இல்லை. இப்போதும் அதே காரணம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் தர்மினி தன் போனைக் கொடுத்து, "அத்தைகிட்டே பேசுங்கப்பா" என்கிறாள். பேசி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கைதியைப் பார்க்க உறவினர் வந்தால் காவலர் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. அதனால் நலம் நலம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். உண்மையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் போன் பறிபோன கதையை தர்மினி சொல்லியிருப்பாள். என் வாயாலும் கேளுங்கள். அவள் விடியும் முன்பே சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் புறப்படுகிறாள். போகும்போது வாசல் இரும்புக் கிரிலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுபோகிறாள். மரக்கதவை மட்டும் காற்றுக்குத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பதினாலாவது மாடி. இரவு எட்டுக்குத்தான் வருவாள். போன மாதம் ஒரு நாள் போனில் பொரித்த கோழி வரவழைத்தேன். கொண்டுவந்தவன் கிரிலுக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், பெட்டி உள்ளே வராது லா."

"பெட்டி எனக்கு வேண்டாம். ஒவ்வொரு துண்டா குடு."

அவன் கம்பிக்கு நடுவே நீட்ட, நான் வாங்கினேன். மிருகக்காட்சி சாலை ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு சம்சாத் பேகம் கதவைத் திறந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் மூடிக்கொண்டார். எலும்புகளைப் பூந்தொட்டியில் புதைத்தேன். தர்மினி மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். போன் போயிற்று.

காலையில் எனக்கு ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு, அவள் வைத்துவிட்டுப் போகிற ஒரு டப்பா: அவித்த கோழி, கீரை, உப்பில்லாத காய். இரவு சூப். காலையை நிறுத்தச் சொன்னது நீங்களாம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டைத்தான் தாங்க முடியவில்லை. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கிரில் வழியாக சம்சாத் பேகத்திடம் கொடுக்கிறேன். தபால் பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தின்ன ஏதாவது கேட்டால் மட்டும், "தர்மினிக்கு வாக்குக் குடுத்துட்டேன் அண்ணே" என்கிறார்.

தம்பி,
தேவா


ரெங்கம்
25 பிப்ரவரி 2024

என் அன்புத் தம்பி தேவா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கோழித் துண்டுகளை வாங்கிய இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

பூட்டை எடுக்கும்படி நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

நான் பள்ளியில் சுகாதாரப் பாடம் எடுத்தபோது ஒரு தவணை முழுவதும் வகுப்பைக் கவனித்துப் பார்த்தேன். இடைவேளையில் பொரித்த கலர் கெரோப்போக் அப்பளமும் சிரப் தண்ணீரும் வாங்கியவர்கள் முதலில் துள்ளுவார்கள். சற்று நேரத்தில் தலை மேசையில் சாய்ந்துவிடும். வீட்டிலிருந்து கடலையும் முட்டையும் கொண்டுவந்தவர்கள் கடைசிப் பாடத்திலும் கை தூக்கினார்கள். அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்பதால் அல்ல. வயிற்றில் கிடந்தது வேறு, அவ்வளவுதான்.

நீ பிள்ளை இல்லை என்று சொல்வாய். தம்பி, போன வருடம் உன் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சர்க்கரை இறங்காவிட்டால் அடுத்து பாதம் என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். கட்டுப் பிரிக்கும் முன்பே நீ நொண்டிக்கொண்டு கீழே இறங்கி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, நாசி லெமாக் தின்றாய். புண் மறுபடி பிளந்தது. தர்மினி அதன் பிறகுதான் பூட்டு வாங்கினாள். தன் தாயை மூன்று வருடம் இரத்தம் சுத்திகரிக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள். செல்லப்பாக்கியம் கடைசிவரை "ஒரு வாய்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் இன்னும் இருக்கிறது.

காலை உணவைப் பற்றி என்னையே எடுத்துக்கொள். எழுபத்திரண்டு வயது. இரண்டு வருடமாகக் காலையில் வெறும் வெந்நீர்தான், மதியம்தான் முதல் சாப்பாடு. உடம்பு லேசாக இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அதைத்தான் தர்மினியிடம் சொன்னேன். எனக்கு நன்மை செய்தது உனக்குத் தீமையா செய்யும்?

கொஞ்ச நாள் பொறு.

உன் அக்கா,
சுபத்திரா


ஜொகூர் பாரு
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வகுப்பைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் உங்கள் மாணவர்களுக்கு மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம்.

எண்ணெயில் சுட்ட ரொட்டி சானாய் உடம்புக்கு நல்லது என்று நான் வாதாடவில்லை. விரல் போனது எனக்குத் தெரியாதா? தினமும் அந்தக் காலுக்குச் செருப்புப் போடுகிறவன் நான்தான். லாபிஸிலும் பாலோவிலும் வேலை பார்த்த காலத்தில், ரயில் வராத நேரமெல்லாம் பொரித்த கறிபாப்பும் இனிப்புத் தேநீருமாகக் கழித்தேன். யாரும் என் வாயில் திணிக்கவில்லை. நானே தின்றேன். அதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஜன்னலில் நின்றால் கீழே சம்சாத் பேகத்தின் கணவர் சிக்கந்தரின் கடை தெரிகிறது. மாவை வீசுகிற கை தெரிகிறது. வாசனை இவ்வளவு உயரம் ஏறாது. ஒரு நாள் முழுக்க அதையே பார்த்தேன். யாராவது வருவார்கள், உட்காருவார்கள், தேநீர் வரும், எழுந்து போவார்கள். நான் ஏங்கியது தேநீருக்கு அல்ல, அக்கா. நினைத்தபோது எழுந்து போகிறார்களே, அதற்கு.

ஒன்று எழுத வேண்டும். காலைகள் சரியில்லை. தர்மினி போன பிறகு ஆறரைக்குச் சர்க்கரை மாத்திரை போடுகிறேன். உறையில் 'காலை உணவுக்கு முன்' என்று அச்சடித்திருக்கிறது. முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவன், நேரம் தவறுவேனா? சாப்பாடு ரத்தானாலும் மாத்திரை நேரத்துக்கு வந்துவிடும். பத்து மணி வாக்கில் கை நடுங்குகிறது. விசிறி சுழலும்போதே சட்டை நனைகிறது. காரணமில்லாமல் கோபம் வருகிறது. நேற்று டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். டிவியில் சமையல் நிகழ்ச்சிகூட இல்லை, செய்திதான். மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிட்ட பிறகு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அடைத்து வைத்தால் மனிதனுக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

தேவா


ரெங்கம்
8 மார்ச் 2024

அன்புத் தம்பி,

நடுக்கத்தைப் பற்றி எழுதியதும் எனக்கு மதிவாணன் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். சிகரெட்டை விட்டபோது அவருக்கு வாரக்கணக்கில் கை ஆடியது. கரும்பலகையில் ஒரு வட்டம் போட முடியாது. "டீச்சர், எனக்கு வாதம் வந்துடுச்சு" என்று என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டார். வாதமெல்லாம் ஒன்றுமில்லை. உடம்பு தன் பழைய எஜமானைத் தேடியது. அடுத்த தவணையில் அந்தக் கையாலேயே பள்ளிச் சுவர் முழுவதும் படம் வரைந்தார்.

உனக்கும் அதுதான் நடக்கிறது. அறுபத்தெட்டு வருடம் இனிப்பும் எண்ணெயும் கேட்டு வாங்கிய உடம்பு ஒரே நாளில் அடங்குமா? நடுங்கும், வியர்க்கும், கோபப்படும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிவரை இரு. ஒவ்வொரு நாளும் சற்று எளிதாகும்.

பதினோரு மணிக்கு விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிறாய் என்று தர்மினி சொன்னாள். எண்ணை எனக்கும் எழுது. பாதை சரியா என்று எண் சொல்லிவிடும்.

சிக்கந்தர் கடையைப் பார்க்கிற ஜன்னலை விட்டு மற்ற ஜன்னலில் நில். அதில் என்ன தெரியும்?

அக்கா


ஜொகூர் பாரு
16 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மற்ற ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரிகிறது. அதன் பக்கத்தில் இப்போது நோன்புச் சந்தை போட்டிருக்கிறார்கள். உங்கள் யோசனைக்கு நன்றி.

சம்சாத் பேகமும் நோன்பு. நேற்று கிரிலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாங்க வருஷத்துக்கு ஒரு மாசம். நீங்க வருஷம் பூரா போலிருக்கே."

"எனக்குச் சொர்க்கம் எதுவும் தர மாட்டாங்களே, தங்கச்சி."

"தர்மினிகிட்டே கேளுங்க. அதுதானே கணக்கு வெச்சிருக்கு."

நீங்கள் கேட்ட எண் இதோ. ஒரு காலத்தில் பதினாலு, பதினைந்து மில்லிமோல். நேற்று முன்தினம் மூன்றரை. இரவு வந்து மீட்டரைப் பார்த்த தர்மினி ஷூவைக் கழற்றாமலே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, மூணரைப்பா, மூணரை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, அக்கா. ஏதோ பெரிய பரீட்சையில் தேறிய மாதிரி எண்ணை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஒட்டிய கையோடு மேல் தட்டில் இருந்த சீனிப் போத்தலையும் குப்பையில் போட்டாள். தன் காப்பிக்காக வைத்திருந்தது. இனி வீட்டில் வேண்டாமாம்.

அதனால் காலை நடுக்கத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த முகம் போய்விடும். எனக்குப் பூட்டு ஒன்று இருந்தது. இப்போது இரண்டு.

நோன்புப் பெருநாள் அன்றாவது கீழே போய்விட்டு வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிட மாட்டேன். நடந்துவிட்டு வருகிறேன்.

தேவா


ரெங்கம்
20 மார்ச் 2024

என் தங்கத் தம்பி,

மூன்றரை! நான் இவ்வளவு காலம் போட்ட மதிப்பெண்களில் எதுவும் என்னை இப்படி மகிழ வைத்ததில்லை. உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுச் சதாசிவத்திடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் சர்க்கரை உண்டு. "டீச்சர், உங்க தம்பி பெரிய ஆளுதான்" என்றார்.

பெருநாள் முடிந்ததும் பூட்டைப் பற்றி நானே தர்மினியிடம் பேசுகிறேன். இது வாக்கு. கிணற்றில் பாதி ஏறியவன் கயிற்றை விடக்கூடாது. அதற்காகத்தான் இன்னும் கொஞ்ச நாள் கேட்கிறேன். நடுக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அது தானாகப் போய்விடும்.

இருபத்தெட்டாம் தேதி எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற நாள். கிளினிக்கில் உன்னைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.

அக்கா


ஜொகூர் பாரு
26 மார்ச் 2024

அக்கா

காலை. பத்து இருக்கும். எழுத்து கோணுகிறது. பேனா சரியில்லை.

செல்லம் வராந்தாவில் நிற்கிறாள். உள்ளே வா என்றேன். கிரில் பூட்டியிருக்கிறதே என்கிறாள். சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் நான்தானே. என்னிடம் இல்லை.

வேர்க்கிறது. சட்டை மாற்றினேன். மாற்றினேன். லாபிஸ் வண்டி வரவில்லை. எல்லோரும் நிற்கிறார்கள். நான் என்ன சொல்வது. அக்கா எல்லோரும் நிற்கிறார்கள்

(பிற்பகல்)

சாப்பிட்ட பிறகு மேலே உள்ளதைப் படித்தேன். எழுதியது நானா என்று சந்தேகமாக இருக்கிறது. மூன்று சட்டைகள் தரையில் கிடக்கின்றன. மாற்றிய ஞாபகம் இல்லை.

கிழித்துப் போட நினைத்தேன். பிறகு, நீங்கள் ஆசிரியை, தவறையும் பார்க்கட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன். பழக்கம் விடைபெறுவது இவ்வளவு நாள் எடுக்குமா? மதிவாணனுக்கும் செத்தவர்கள் வந்தார்களா?

பயமாக இருக்கிறது. தர்மினிக்குத் தெரிய வேண்டாம்.

தேவா


ஜொகூர் பாரு
4 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. போன் திரும்பிவிட்டது. பூட்டைக் காணோம். ஆனாலும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. தர்மினி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நான் இருக்கிற அறையை விட்டு நகருவதில்லை. இதைக்கூட மின்சாரக் கட்டணம் பற்றிய புகார்க் கடிதம் என்று சொல்லித்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது? எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. காலையில் மாத்திரை போட்டேன். அடுத்து, மூக்கில் ஏதோ குழாய், நீங்கள் கட்டிலோரம். நடுவில் இருப்பதெல்லாம் வெறுமை. தர்மினியிடம் கேட்டால் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள். சம்சாத் பேகத்திடம் கேட்டால், "அல்லா காப்பாத்தினான், விடுங்க" என்று கதவை மூடிக்கொள்கிறார். நீங்களும் மருத்துவமனையில் பேச்சை மாற்றினீர்கள். போனது என் நாள். அதை எனக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

தேவா


ரெங்கம்
8 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி,

சொல்கிறேன். வரிசையாகவே சொல்கிறேன்.

அன்று காலை தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னபடியே ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்தவர்களிடம் உன் கதை. காலையில் சாப்பிடாமல் இருந்தே தம்பி சர்க்கரையை மூன்றரைக்கு இறக்கிவிட்டான், நீங்களும் செய்து பாருங்கள் என்றேன்.

நோன்பு மாதம் என்பதால் டாக்டர் நாஸியா அறைக்கு வெளியே வந்து, நோன்பிருக்கிற சர்க்கரை நோயாளிகளை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். பகலில் போடும் மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொடுத்தார். என் பேச்சு அவர் காதில் விழுந்தது.

"டீச்சர், உங்க தம்பி காலையிலே சாப்பிடுறதே இல்லையா?"

"இல்லை டாக்டர். பன்னிரண்டு மணிக்குத்தான்."

"மாத்திரை?"

"அதெல்லாம் நேரம் தவறாது. ஆறரைக்குப் போட்டுடுவான்."

அவர் சிரிக்கவில்லை. அந்த மாத்திரை, வரப்போகிற சாப்பாட்டை நம்பிச் சர்க்கரையை இறக்குவது என்றார். சாப்பாடு வராவிட்டால் இருக்கிறதையும் இறக்கிவிடும். நாலுக்குக் கீழே போனால் அது தேர்ச்சி இல்லை, ஆபத்து. கை நடுங்குமா, வியர்க்குமா, புத்தி தடுமாறுமா என்று கேட்டார். நான் பையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்தேன். அப்போதுதான் பிரிக்கிறேன். முதல் பத்தியை நான் படித்தேன். மீதியை அவர் வாங்கிப் படித்தார்.

"இன்னைக்கே போங்க. இப்பவே போங்க."

தர்மினியைக் கூப்பிட்டேன். தொழிற்சாலையில் போனை உள்ளே விடமாட்டார்களாமே, மணி அடித்துக்கொண்டே இருந்தது. சம்சாத் பேகத்தின் எண் என்னிடம் இல்லை. சதாசிவம் காரை எடுத்தார். வழி முழுக்க நான் தர்மினியின் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

நீ நாற்காலியில் இருந்தாய். கிரிலுக்கு ஐந்தடி உள்ளே. தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. "காலையிலேர்ந்து அண்ணன் தூங்குறாரு" என்றார் சம்சாத் பேகம். நான் கூப்பிட்டேன். தம்பி என்றேன், தேவா என்றேன். உன் கண் பாதி திறந்தது. என்னைப் பார்த்தது, ஆனால் நீ அதில் இல்லை. கம்பிக்குள் கையை விட்டேன். என் விரலுக்கும் உன் முட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். எட்டவில்லை. சதாசிவம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், காவலாளி இரும்பு வெட்டும் கத்தரியைக் கொண்டுவர ஓடினார். அதுவரை அந்தக் கையை நான் வெளியே எடுக்கவில்லை. பூட்டை எடுக்கச் சொல்ல மாட்டேன் என்று எழுதிய கை.

பூட்டு அறுந்தது. உன் சமையலறையைத் திறந்து தேடினேன். சீனி இல்லை, தேன் இல்லை, ஒரு பிஸ்கட் இல்லை. நோன்பு திறக்க வைத்திருந்த இனிப்பு டின்பாலை சம்சாத் பேகம் கொண்டுவந்தார். போனில் டாக்டர் நாஸியா, "குடிக்கக் குடுக்காதீங்க, புரையேறும். கன்னத்துக்கு உள்ளே தேய்ச்சு விடுங்க" என்றார். நான் விரலால் தேய்த்தேன். சம்சாத் பேகம் உன் தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்திருக்கணும், வாக்கு என்ன வாக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தபோது நீ என் விரலைக் கடித்தாய். அவ்வளவு சந்தோஷமான வலி எனக்கு வந்ததில்லை.

நான் சர்க்கரை மாத்திரை போடுவதில்லை, தேவா. சர்க்கரை எனக்கு வந்ததே இல்லை. அப்படியிருந்தும் என்னையே உனக்கு எடுத்துக்காட்டினேன்.

ரெங்கத்துக்கு வந்துவிடு. இங்கே கிரில் உண்டு, பூட்டுவதில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் செய்து தருகிறேன். சதாசிவம் எப்போது வேண்டுமானாலும் காரை எடுப்பார்.

அக்கா


ஜொகூர் பாரு
25 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் நாளைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. கடித்ததற்கு மன்னிப்பு.

ரெங்கத்துக்கு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இந்த முறை நீங்கள் கோபப்படாமல் கேளுங்கள்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்து நேரத்தை மாற்றிவிட்டார். காலையில் குரக்கன் புட்டு, கேழ்வரகு மாவில் அவித்தது, கூட ஒரு முட்டை. மதியம் சோறும் கறியும் கீரையும், கை அளவு. அவித்த கோழிக்கு உப்பு வந்துவிட்டது. எனக்கு இதில் குறையில்லை. சாப்பிடாமல் இருப்பது தர்மினிதான். நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்க்கிறாள். அவள் தட்டு அப்படியே ஆறுகிறது. இரவில் நான் புரண்டு படுத்தால் கதவருகே வந்து நிற்கிறாள். "பசிக்குதாப்பா? வேர்க்குதாப்பா?" விரலில் குத்திக் குத்திப் பார்த்து இப்போது குத்த இடமில்லை. நேற்று முன்தினம் அவளுக்கும் சேர்த்து நானே புட்டு அவித்தேன். சாப்பிட வைக்க அவள் அம்மா செய்வது போலச் சீனி தூவ வேண்டியிருந்தது. சீனி சம்சாத் பேகம் கொடுத்தது.

திங்கட்கிழமை விடுப்பு முடிந்தது. போனாள். ஒரு மணி நேரத்தில் கிரில் சத்தம். சிங்கப்பூர்ப் பாலத்தில் பாதி வழி போய், இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். வெளியே செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்திருந்தாள். "முடியலைப்பா" என்றாள். செவ்வாயும் அப்படியே. தொழிற்சாலையில் இன்னொரு நாள் பொறுக்க மாட்டார்களாம்.

புதன்கிழமை நானும் அவளோடு இறங்கினேன். இத்தனை மாதத்துக்குப் பிறகு மின்தூக்கியின் பொத்தானை நானே அழுத்தினேன். பேருந்து நிறுத்தம்வரை என் கையைப் பிடித்திருந்தாள். நான் அவளை நடத்திக்கொண்டு போனேனா, அவள் என்னையா, தெரியவில்லை. பேருந்து வந்தது. படியில் ஏறியவள் திரும்பினாள்.

"சாப்பிடுவீங்கதானே?"

"சாப்பிடுவேன் லா. நீ போ. பின்னாலே ஆளுங்க நிக்கிறாங்க."

"அங்கே இறங்கினதும் கூப்பிடுவேன். ஏழு மணிக்கு. எடுக்கலைன்னா திரும்பி வந்துடுவேன்."

பேருந்து வளைவு திரும்பும்வரை நின்றேன். பிறகு நான் மட்டும். பூட்டு இல்லை, ஆள் இல்லை. சிக்கந்தர் கடையில் அடுப்பு ஏற்றியிருந்தார்கள். இங்கிருந்து வாசனை நன்றாகவே வந்தது. "அண்ணே, கீழே இறங்கிட்டீங்களா? உக்காருங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, சீனி இல்லாம போடுறேன்" என்று சிக்கந்தர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாலை எந்தப் பக்கமும் திறந்து கிடந்தது. ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கிருந்து ரெங்கத்துக்கு வண்டி உண்டு. இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை.

நேரம் பார்த்தேன். ஆறே முக்கால். போனை மேலே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்; மின்தூக்கி சில நாள் தாமதமாகும்.

"இன்னொரு நாள் பாய்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன், அக்கா. காலில் இரண்டு விரல் இல்லாதவன் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக.

தேவா